மணம் தேடி வரும் பகை: சேர் றொனால்ட் றொஸின் வாழ்வும் ஒரு வினாவும்

மலேரியா என்னும் பெயரிலேயே ஒரு பழம் பிழை உறைந்து கிடக்கிறது. இத்தாலிய மொழியில் அச்சொல் கெட்ட காற்று என்று பொருள்படும். சதுப்பு நிலங்களில் எழும் நாற்றமே மனிதரின் உடலுட் புகுந்து காய்ச்சலாக உருக்கொள்கின்றது என்று ஐரோப்பிய வைத்தியர் பல நூற்றாண்டுகளாக நம்பி வந்தனர். நமது வன்னிப் பெருநிலத்திலும் குளிர்காய்ச்சல் கண்டவர்கள் காட்டையும் குளத்தையும் காற்றையும் நீரையும் பழித்தார்களேயன்றி, இரவில் காதருகே வந்து ரீங்கரித்த சிறு பூச்சியைப் பழிக்கவில்லை. நாற்றத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது மெய்யே. ஆயின் அத்தொடர்பு முன்னோர் எண்ணியதற்கு நேர்மாறானது. சேற்றின் நாற்றம் மனிதனைத் தேடி வருவதில்லை. மனிதனின் நாற்றத்தைத் தேடி நுளம்பு வருகின்றது.

நாற்றம் என்ற சொல்லை ஈண்டு அதன் பழைய பொருளிலேயே ஆள்கிறேன். இன்று அச்சொல் இழிவுப் பொருளில் வழங்கினாலும், பண்டைத் தமிழில் அது பூவின் மணத்தையும் குறித்தது. நுளம்புக்கு இந்த வேறுபாடு ஒன்றுமில்லை. நமக்கு வியர்வை நாற்றம் எதுவோ, அதுவே அதற்கு விருந்தின் மணம்.

இதனை நான் இலுப்பைக்கடவையிலிருந்து எழுதுகிறேன். மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் வீதியில், ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலும் காடுமாக அமைந்த ஊர் இது. ஊரின் பெயரிலேயே இலுப்பை மரம் நிற்கின்றது. அம்மரத்தின் வித்திலிருந்து எண்ணெய் எடுத்து விளக்கேற்றிய நம் முன்னோர், எஞ்சிய பிண்ணாக்கையும் வீசியெறியவில்லை. அதனைத் தணலில் இட்டுப் புகைத்துப் பூச்சிகளை விரட்டினர். நொச்சியும் வேம்பும் அவ்வாறே பயன்பட்டன. பூச்சி மணத்தால் வழி அறிகின்றது, மற்றொரு மணத்தால் அதன் வழியைக் குலைக்கலாம் என்ற உண்மை, காரணம் அறியப்படாமலே நமது மாலைப் பொழுதுகளில் வழக்கமாக நிலைத்திருந்தது. அக்காரணத்தை நோக்கி முதற் பெருங்கதவைத் திறந்தவர் சேர் றொனால்ட் றொஸ். அவருடைய வாழ்வைச் சொல்வதே என் நோக்கம். அவர் கண்டதையும், காணாது விட்டுச் சென்றதையும் சேர்த்துச் சொன்னாலன்றி அவ்வாழ்வின் பயன் முழுமையாக விளங்காது.

றொஸ் இந்திய மண்ணிற் பிறந்தவர். 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் இமயமலை அடுக்கில் உள்ள அல்மோராவில் அவர் பிறந்தார். தந்தையார் பிரித்தானிய இந்தியப் படையிற் பணிபுரிந்த அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் மூத்தவரான றொஸ், எட்டு வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஓவியத்திலும் இசையிலும் கவிதையிலும் கணிதத்திலும் சென்றது அவர் மனம். மகனை வைத்தியராக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். தந்தையின் விருப்பமே வென்றது. இலண்டனில் புனித பர்த்தலோமியு வைத்தியசாலையில் அவர் கற்றார். ஆனால் பாடங்களில் ஆழ்ந்து தோய்ந்தாரில்லை. ஒரு தேர்வில் தவறி, சிறிது காலம் கப்பல் வைத்தியராக அத்திலாந்திக் கடலிற் பயணஞ் செய்து, மீண்டும் தேர்வெழுதி, 1881இல் இந்திய வைத்தியச் சேவையில் சேர்ந்தார்.

சேவையின் தொடக்கத்தில் அவருக்கு வாய்த்தது சென்னை மாகாணம். வேலை குறைவு, ஓய்வு மிகுதி. அந்த ஓய்வில் அவர் கணித நூல்களைத் தாமே கற்றார். கவிதையும் கதையும் எழுதினார். 1889இல் அவருடைய முதல் நாவல் அச்சேறியது. கடமை நேரத்தில் வைத்தியரும் மற்றைய நேரத்தில் இலக்கியரும் ஆக அவர் வாழ்ந்த அந்த ஆண்டுகளை வீண் என்று சொல்வாருண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தவை அந்தக் கணிதமும் கற்பனையுமே.

பெங்களூரில் அவர் இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. அவருடைய இல்லத்தில் நுளம்புத் தொல்லை பொறுக்க முடியாததாயிருந்தது. சாளரத்துக்கு வெளியே நீர் நிறைந்த தொட்டி ஒன்று இருப்பதையும், அதனுள் குடம்பிகள் நெளிவதையும் அவர் கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார், தொல்லை தணிந்தது. படைமுகாம் முழுவதிலும் அவ்வாறே செய்யலாம் என்று மேலதிகாரியிடம் எடுத்துரைத்தபோது அக்கருத்து ஏற்கப்படவில்லை. நுளம்பு நோயைச் சுமக்கின்றது என்பதை அறியுமுன்னரே, அதனை ஒழிக்கும் வழியை அவர் ஒரு தொட்டியிற் கண்டுவிட்டார்.

1880இல் அல்ஜீரியாவிற் பணியாற்றிய பிரெஞ்சு வைத்தியர் லவெரான், காய்ச்சற்காரரின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டிருந்தார். றொஸ் நெடுங்காலம் அதனை நம்பவில்லை. 1894இல் விடுமுறையில் இலண்டன் சென்றபோது பற்றிக் மான்சன் என்னும் பெரும் வைத்தியர் அவரை அழைத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் அவ்வொட்டுண்ணியைக் காட்டினார். யானைக்கால் நோயின் புழு நுளம்பினுள் வளர்வதைச் சீனத்தில் முன்னரே கண்டறிந்தவர் மான்சன். மலேரியாவும் நுளம்பினுள் வளரக்கூடும் என்று அவர் ஊகித்தார். ஊகத்தின் முதற்பாதி சரி, மறுபாதி தவறு. நுளம்பு நீரில் விழுந்து இறக்க, அந்நீரைப் பருகும் மனிதனுக்கு நோய் தொற்றும் என்று அவர் எண்ணினார். நுளம்பு மீண்டும் கடிக்கும் என்பது அவர் சிந்தையில் முதன்மை பெறவில்லை.

1895இல் றொஸ் செக்கந்தராபாத்துக்குத் திரும்பினார். அங்கே தொடங்கியது அவருடைய தவம். காய்ச்சல் கண்ட ஒருவரை வலைக்குட் படுக்க வைத்து, குடம்பியிலிருந்து வளர்த்த நுளம்புகளை உள்ளே விட்டு, அவை குடித்த இரத்தம் என்னாகின்றது என்று நாள்தோறும் அறுத்து அறுத்துப் பார்த்தார். வலைக்குள் விடப்பட்ட நுளம்புகள் கடிக்க மறுத்த நாட்களும் உண்டு. மான்சனின் ஊகத்தைச் சோதிக்க, நுளம்பு இறந்த நீரைச் சிலருக்குக் குடிக்கவும் கொடுத்தார். இன்றைய வைத்திய அறம் இத்தகைய சோதனையை ஏற்காது. கூலிக்கு உடலைத் தந்த அந்த ஏழை மக்களை நாம் மறத்தலும் ஆகாது.

இரண்டு ஆண்டுகள் தோல்வியிற் கழிந்தன. காரணம் பின்னரே விளங்கியது. அவர் கையாண்டவை சாம்பல் நிற நுளம்புகளும் வரி நுளம்புகளுமாகும். இன்று அவற்றைக் கியூலெக்ஸ் என்றும் ஏடிஸ் என்றும் அழைக்கிறோம். அவையும் மனித மணத்தை அறிந்து வருபவையே, மனித இரத்தத்தைக் குடிப்பவையே. ஆயினும் மனிதரின் மலேரியா ஒட்டுண்ணி அவற்றினுள் வளர்வதில்லை. மணம் பிடித்து வரும் நுளம்புகள் பலவாக இருக்க, இந்நோயைச் சுமப்பது ஒரு வகை மட்டுமே என்பதை அறியாமல் அவர் ஆயிரக்கணக்கான மணி நேரத்தை நுணுக்குக்காட்டியின் மேற் செலவிட்டார்.

1897இல் விடுப்புப் பெற்று அவர் உதகமண்டலம் சென்றார். நீலகிரியின் சிகூர்ப் பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்குப் பேர்போன இடம். அங்கே ஆராயச் சென்ற றொஸ், வலையினுள் உறங்கியும், தாமே மலேரியாவுக்கு ஆளானார். நோயைத் தேடிச் சென்றவரை நோய் தேடி வந்து கண்டது. அவர் காணாத ஒரு நுளம்பு அவரைக் கண்டுவிட்டது. எவ்வாறு கண்டது என்பதே நமது வினா. அன்று அதனை வினவ அவருக்கு அவகாசமில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் செக்கந்தராபாத்தின் பேகம்பேட்டை வைத்தியசாலையில், புள்ளியிட்ட சிறகுகளையுடைய வேறு வகை நுளம்புகள் சில அவர் கைக்குக் கிட்டின. அவையே அனோபிலிஸ். ஆகஸ்ட் 16ஆம் நாள் ஹுசைன் கான் என்னும் நோயாளர் வலைக்குட் படுத்தார். கடிக்கும் ஒவ்வொரு நுளம்புக்கும் ஓர் அணா அவருக்குக் கூலி. அந்நுளம்புகள் ஒவ்வொன்றாக அறுக்கப்பட்டன. சில தாமே இறந்தன. ஆகஸ்ட் 20ஆம் நாள் எஞ்சியவை மிகச் சில.

அந்த அறையை எண்ணிப் பார்க்கிறேன். வெப்பமும் இருளும் நிறைந்த சிறு அறை. விறாந்தையின் இறப்பின் கீழாக வந்த ஒளிக்கீற்றே துணை. விசிறியை ஆட்டினால் அறுத்து வைத்த நுளம்பின் உறுப்புகள் பறந்துவிடும். ஆதலால் விசிறி இல்லை. நெற்றியிலும் கையிலும் வடிந்த வியர்வையால் நுணுக்குக்காட்டியின் திருகுகள் துருவேறியிருந்தன. அதன் கண்ணாடியும் வெடித்திருந்தது. கண்ணிலும் காதிலும் புக முயலும் சிற்றீக்கள் அவரை விடாது மொய்த்தன. பூச்சி எங்ஙனம் நோயைச் சுமக்கின்றது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவரின் வியர்வையும் ஈரமுமே பூச்சிகளை அவர்பால் ஈர்த்துக்கொண்டிருந்தன. ஒரு விடை நுணுக்குக்காட்டியின் கீழே இருந்தது. மற்றொரு விடை அவர் முகத்தைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது.

அன்று அவர் நுளம்பின் வயிற்றுச் சுவரில் வட்டமான உயிரணுக்களைக் கண்டார். அவற்றினுள்ளே கருமணிகள் இருந்தன. அக்கருமணி மலேரியா ஒட்டுண்ணிக்கே உரியது, நுளம்புக்கு இயல்பன்று. மறுநாள் அறுத்த நுளம்பில் அவ்வுயிரணுக்கள் இன்னும் பெரியனவாக வளர்ந்திருந்தன. ஒட்டுண்ணி நுளம்பினுள் உயிரோடு வளர்கின்றது என்பது உறுதியாயிற்று. கவிஞராகிய றொஸ் அந்த மகிழ்ச்சியைக் கவிதையாக்கித் தம் மனைவியார் றோசாவுக்கு அனுப்பினார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 20ஆம் நாள் உலக நுளம்பு நாளாகக் கொள்ளப்படுவது இதன் நினைவாகவே.

இனி மனிதருக்கு நோய் திரும்பும் வழியைக் காண்பது ஒன்றே மீதம். அந்த வேளையிற்றான் அரசு அவரை மலேரியா அரிதான இராசபுத்தானப் பகுதிக்கு மாற்றியது. மான்சன் முயன்று பரிந்துரைத்ததன் பயனாக 1898இல் கல்கத்தாவில் ஓர் ஆய்வுகூடம் கிடைத்தது. ஆனால் அங்கோ கொள்ளைநோய்ப் பீதி. கொள்ளைநோய்த் தடுப்பு ஊசிக்கு அஞ்சிய மக்கள், விரலிற் குத்தி இரத்தம் எடுக்கவும் இசையவில்லை. றொஸ் பறவைகளின் பக்கம் திரும்பினார். முகமது பக்ஸ் என்னும் உதவியாளர் குடம்பிகளைத் தேடிக் கொணர்ந்தும் பறவைகளைப் பேணியும் அவருக்கு வலக்கையாக நின்றார். 1898 ஜூலையில், நோயுற்ற குருவியைக் கடித்த நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணியின் நுண்கதிர்கள் வந்து குவிவதை றொஸ் கண்டார். அந்த நுளம்புகள் கடித்த நலமான குருவிகளும் நோயுற்றன. நீரும் அன்று, காற்றும் அன்று; கடியே நோய்க்கு வழி என்பது நிறுவப்பட்டது.

அவ்வாண்டின் இறுதியில் இத்தாலியில் கிராசியும் அவர்தம் துணைவரும் மனித மலேரியாவின் முழுச் சுற்றையும் அனோபிலிஸ் நுளம்பிற் காட்டினர். முதன்மை யாருக்கு என்ற பூசல் மூண்டது. 1902இல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு றொஸுக்குக் கிடைத்தது. பிரித்தானியர் ஒருவர் பெற்ற முதல் நோபல் பரிசு அதுவே. பூசல் மட்டும் ஓயவில்லை. கிராசியை அவர் இறுதிவரை மன்னிக்கவில்லை. வழிகாட்டிய மான்சனோடும் பிற்காலத்தில் மனக்கசப்புக் கொண்டார். தம் உழைப்புக்கு நாடு உரிய பொருள் வழங்கவில்லை என்ற குறை அவரை அரித்தது; 1928இல் தம் ஆய்வுத் தாள்களை விலைக்கு விளம்பரஞ் செய்தார். ஒரு சீமாட்டி 2,000 பவுண் கொடுத்து அவற்றை வாங்கினார். முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே, 1914 ஆகஸ்டில், மூத்த மகனைப் போர்க்களத்தில் இழந்த தந்தை அவர். பெரியோரின் குறைகளை மறைத்து எழுதுவது வாழ்க்கை வரலாறாகாது. அக்குறைகளையே பெரிதாக்கி எழுதுவதும் நேர்மையாகாது. ஹுசைன் கானுக்கும் முகமது பக்ஸுக்கும் பரிசு குறித்துப் பூசலிட வாய்ப்பே இருக்கவில்லை என்பதை மட்டும் குறித்து மேற்செல்கிறேன்.

நுளம்பைக் கண்ட றொஸைப் பலர் அறிவர்; கணிதம் செய்த றொஸை அறிந்தோர் சிலரே. இந்தியாவை விட்டு நீங்கி லிவர்பூல் வெப்பமண்டல வைத்தியக் கல்லூரியிற் பணியேற்ற அவர், சியராலியோன், இசுமாயிலியா, மொரீசியசு முதலிய இடங்களுக்குச் சென்று நுளம்பை அடக்கும் வழிகளை ஆராய்ந்தார். எல்லா நுளம்புகளையும் கொல்ல யாரால் இயலும் என்று பலர் நகைத்தனர். 1910இல் வெளியான மலேரியாத் தடுப்பு நூலிலும், அதனையடுத்து வந்த எழுத்துக்களிலும் றொஸ் கணிதத்தால் விடை கூறினார். எல்லா நுளம்பையும் கொல்ல வேண்டியதில்லை. அவற்றின் தொகை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினாற் போதும். நோய் தானே தேய்ந்து மறையும். சென்னையிலே ஓய்வு நேரத்திற் கற்ற கணிதம், முப்பதாண்டு கழித்து இவ்வாறு பயன் தந்தது.

அந்தக் கணிதத்தினுள் ஒரு நுட்பம் இருக்கின்றது. நுளம்பு மனிதனை எத்தனை முறை கடிக்கின்றது என்ற அளவு அதில் இரு தடவை பெருக்கப்படுகின்றது. ஏனெனில் நோய் பரவ நுளம்பு இரு முறை மனிதனைக் கடித்தாக வேண்டும். முதற்கடியில் நோயாளியிடமிருந்து ஒட்டுண்ணியைப் பெறுகின்றது; ஏறத்தாழப் பத்து நாள் கழித்து, பிறிதொரு கடியில் அதனை மற்றொருவருக்குக் கொடுக்கின்றது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். பத்து வேளை உணவில் ஒரு வேளை மட்டும் மனிதனிடம் வந்து, ஏனைய ஒன்பது வேளையும் மாட்டிடம் செல்லும் நுளம்பு ஒன்று; பத்தில் ஐந்து வேளை மனிதனிடம் வரும் நுளம்பு மற்றொன்று. இரண்டு கடியும் மனிதனிடமே விழும் வாய்ப்பு முதலாவதற்கு நூற்றில் ஒன்று. இரண்டாவதற்கு நான்கில் ஒன்று. விருப்பத்தின் வேறுபாடு ஐந்து மடங்கே. விளைவின் வேறுபாடு இருபத்தைந்து மடங்கு!

மாட்டை விட்டு மனிதனை அது எதனால் தெரிகின்றது? இருளில் பறக்கும் அனோபிலிசுக்குக் கண் செய்யும் உதவி சிறிது. தெரிவு செய்வது மூக்கு; அதாவது உணர்கொம்பும் வாயருகேயுள்ள துணையுறுப்பும். றொஸின் சூத்திரத்தில் ஓர் எழுத்தாக நின்ற அந்த அளவுக்குள்ளே நுளம்பின் மணவுணர்வு முழுவதும் அடங்கிக் கிடந்தது. அவர் விட்டுச் சென்ற வினா இதுவே.

அவருக்குப் பின் வந்தோர் அவ்வினாவை மெல்ல மெல்ல அவிழ்த்தனர். முட்டைக்கு ஊட்டம் வேண்டிப் பெண் நுளம்பே இரத்தம் குடிக்கின்றது. நாம் மூச்சு விடுந்தோறும் வெளியேறும் காபனீரொட்சைட்டு, காற்றிலே ஒரு கொடிபோல மிதந்து செல்கின்றது. அக்கொடியின் நுனி தீண்டியதும் நுளம்பு விழிப்புற்றுக் காற்றுக்கு எதிராகப் பறக்கின்றது; கொடி அறுந்தால் இடமும் வலமும் வளைந்து தேடி, மீண்டும் அதனைப் பற்றிக்கொள்கின்றது. மாடும் ஆடும் மூச்சு விடுகின்றன. ஆதலால் மூச்சு மட்டும் மனிதனைக் காட்டிக்கொடாது. அண்மையில் வந்ததும் தோலின் மணம் பேசுகின்றது. 1968இல் அமெரிக்க ஆய்வாளர், மனிதத் தோலிலிருந்து எழும் இலற்றிக்கமிலம் ஏடிஸ் நுளம்பை ஈர்க்கின்றது என்று காட்டினர். அமோனியாவும் கொழுப்பமிலங்களும் அதனோடு சேருகின்றன. பின்னர் உடற்சூடும் ஈரமும் இறங்குமிடத்தைச் சுட்டுகின்றன.

இம்மணத்தை ஆக்குபவை பெரும்பாலும் நாமல்ல. நம் தோலில் வாழும் பற்றீரியாக்களே. புதிதாகச் சுரந்த வியர்வைக்கு மணம் மிகக் குறைவு. பற்றீரியா அதனை மாற்றும்போதே மணம் பிறக்கின்றது. 1990களில் நெதர்லாந்து ஆய்வாளர் ஆபிரிக்காவின் காம்பியே நுளம்பு மனிதனின் பாதத்தை நாடுவதைக் கண்டு, பாத மணத்தை ஒத்த ஒரு பாற்கட்டியை வைத்துப் பார்த்தனர். நுளம்பு பாற்கட்டியையும் நாடி வந்தது! கேட்போர் சிரித்தனர், ஆனால் அதிலிருந்து நுளம்பைப் பொறியிற் சிக்கவைக்கும் மணக்கலவைகள் பிறந்தன. காம்பியே நுளம்பின் மரபணுத் தொகுதியில் 79 மணவாங்கிகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுட் பல மனித உடலின் மணப்பொருள்களை அறிபவை. ஒரே வீட்டில் ஒருவரை மிகுதியாகவும் மற்றவரைக் குறைவாகவும் நுளம்பு கடிப்பதற்கு, இரத்தம் இனிப்பது காரணம் என்று நம்மவர் சொல்வதுண்டு. மெய்க் காரணத்தின் பெரும்பகுதி தோலின் அமிலங்களிலும் அங்கு வாழும் பற்றீரியாக்களிலும் உள்ளது.

இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. 2005இல் கென்யாவில் நடந்த ஆய்வில், நுளம்புக்குத் தொற்றும் பருவத்து ஒட்டுண்ணியை இரத்தத்திற் கொண்ட சிறுவர், ஏனைய சிறுவரினும் ஏறத்தாழ இருமடங்கு நுளம்புகளை ஈர்த்தனர். மருந்துண்டு நோய் நீங்கியதும் அந்த வேறுபாடும் மறைந்தது. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒட்டுண்ணி நோயாளியின் தோலில் சில மணப்பொருள்களை மிகுவிக்கின்றது என்று காட்டியது. ஒட்டுண்ணிக்கு மூளையில்லை, ஆயினும் தன்னைச் சுமந்து செல்ல வேண்டிய வாகனத்தை, தான் குடியிருக்கும் மனிதனின் மணத்தாலேயே அது அழைக்கின்றது. வலைக்குட் கிடந்த ஹுசைன் கானின் உடலும் அவ்வாறு அழைத்திருக்குமோ என்று நான் எண்ணுவதுண்டு.

றொஸ் 1932ஆம் ஆண்டு செப்ரெம்பர் 16ஆம் நாள் இலண்டனிற் காலமானார். அதற்கு ஓராண்டு முன்னர் மனைவியார் மறைந்திருந்தார். அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து, 1934இன் பிற்பகுதியில், இலங்கை அதுவரை கண்டிராத மலேரியாப் பெருங்கொள்ளை மூண்டது. மழை பொய்த்து ஆறுகள் வற்ற, ஆற்றுப் படுகைகளில் தேங்கிய குட்டைகளில் குலிசிபேசிஸ் என்னும் அனோபிலிஸ் இனம் பெருகியது. சில மாதங்களில் ஏறத்தாழ 15 இலட்சம் மக்கள் நோயுற்றனர். ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. இத்தனைக்கும் இந்நுளம்பு மாட்டை மிகுதியாக நாடுவது. அதன் மணவிருப்பம் முழுவதும் மனிதன்பால் இருந்திருந்தால் அழிவு எத்துணைப் பெரிதாகியிருக்கும் என்பதை றொஸின் கணிதம் நமக்கு உணர்த்தும்.

1946 முதல் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்தது என்று காவல் தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோய் இலட்சக்கணக்கில் திரும்பியது. போர்க் காலத்தில் வடக்கும் கிழக்கும் அதன் பெருஞ்சுமையைத் தாங்கின. 2000ஆம் ஆண்டில் நாட்டின் நோயாளர் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்திருந்தது. போரினிடையிலும் வலையும் மருந்தும் சுமந்து ஊர் ஊராகச் சென்ற சுகாதார ஊழியரின் தொண்டு இன்னும் உரியவாறு எழுதப்படவில்லை. உள்நாட்டிலே தொற்றிய நோயாளர் 2012 ஒக்ரோபரின் பின் காணப்படாமையால், 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அந்த மகிழ்ச்சி அடங்குமுன்னே, அதே ஆண்டு டிசெம்பரில், மன்னார்த் தீவின் கிணறுகளிலே இலங்கை முன்னர் அறியாத ஒரு நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயர் ஸ்டீபன்சி. இந்திய நகரங்களில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் பெருகி மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இனம் அது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீற்றர்க் கடலே உண்டு. ஆற்றங்கரைக் குட்டையை நம்பிய குலிசிபேசிஸ் மழையையும் வரட்சியையும் எதிர்பார்த்திருக்கும். கிணற்றை நம்பும் ஸ்டீபன்சிக்கு ஆண்டு முழுவதும் தொட்டில் ஆயத்தமாகவே இருக்கின்றது. பெங்களூரில் றொஸ் கவிழ்த்த தொட்டி இன்று நம் முற்றத்துக்கு வந்துவிட்டது என்று சொல்வேன்.

நுளம்பு வந்தது, ஒட்டுண்ணி இன்னும் இங்கே வேர்கொள்ளவில்லை. வெளிநாடுகளிலிருந்து நோயோடு திரும்புவோர் ஆண்டுதோறும் கண்டறியப்பட்டு மருந்து பெறுகின்றனர். இரண்டும் சந்திக்காதவாறு தடுப்பதே இன்றைய கடமை. கிணற்றை வலையால் மூடுதல், குடம்பியுண்ணும் மீன்களை அதில் விடுதல், வெளிநாடு சென்று வந்தவர் காய்ச்சல் கண்டால் இரத்தத்தைச் சோதித்தல் என்பன எளிய பணிகள். எளியன என்பதாலேயே மறக்கப்படுபவை. இலுப்பைப் பிண்ணாக்கின் புகை சில நாழிகை உதவும். அதனைக் காவல் என்று நம்பியிருத்தல் தகாது. மூச்சை நிறுத்தி வாழ முடியாது. தோலின் மணத்தைக் கழற்றி வைக்கவும் முடியாது. நுளம்பு நம்மைக் கண்டுபிடிக்கவே செய்யும். அதற்கு முன்னர் அதன் தொட்டிலை நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

மலேரியாவையே கண்டிராத முதல் தலைமுறை இப்போது நம் பாடசாலைகளில் வளர்கின்றது. குளிரில் உடல் நடுங்கிய அன்னையரின் நினைவு அவர்களுக்கு இல்லை, இல்லாதிருப்பது நற்பேறு. ஆனால் நோயை அறியாத தலைமுறை நுளம்பையும் அறியாதிருந்தால், 1963இன் கதை மீண்டும் எழுதப்படும். ஆதலின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். ஆகஸ்ட் 20ஆம் நாள் றொஸின் பெயரைச் சொல்லி மாணவரை நிறுத்திவிடாதீர்கள். ஹுசைன் கான், முகமது பக்ஸ் என்னும் பெயர்களையும் சொல்லுங்கள். பின்னர் பாடசாலைக் கிணற்றடிக்கு அவர்களை அழைத்துச் சென்று, ஒரு வாளி நீரை அள்ளி, வெயிலிற் பிடித்து, அதனுள் ஏதேனும் நெளிகின்றதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.